பித்தளைத் தவளைக்கு எத்தனை முறை

என் தங்கை அந்தத் தவளையைக் கண்டுபிடித்த அன்று எனக்கு வயிறு எரிந்தது. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். "கொஞ்சம் வருத்தமாக இருந்தது", "ஒரு மாதிரி இருந்தது" என்றெல்லாம் பூசி மெழுக எனக்கு வராது. எரிந்தது என்றால் எரிந்தது. மேலே ஒரு பாத்திரத்தை வைத்திருந்தால் தண்ணீர் கொதித்திருக்கும்.

நாங்கள் இருவரும் வேலை பார்ப்பது ஒரு சின்ன விளையாட்டுக் கம்பெனியில். மைதானத்தில் ஓடுகிற விளையாட்டு இல்லை. மேஜைமேல் பலகையை விரித்து, சீட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு, இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஆடுவது. எங்கள் விளையாட்டு ஒரு மாயாஜால உலகத்தில் நடக்கிறது. ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொள்ள வேண்டும்: வாள்வீரன், சூனியக்காரி, வேடன், மருத்துவச்சி. ஒவ்வொருவருக்கும் தனித்தனிச் சக்திகள், தனித்தனி ஆயுதங்கள். என் வேலை இவர்களைச் சரிசமமாக வைத்திருப்பது. யாரும் அநியாயத்துக்கு ஜெயிக்கக் கூடாது, யாரும் ஒப்புக்குச் சப்பாணியாகவும் நிற்கக் கூடாது. வாள்வீரன் ரொம்ப ஆடினால் அவன் வாளில் ஒரு புள்ளி தேய்ப்பேன். மருத்துவச்சி பாவம் போல் தோற்றுக்கொண்டிருந்தால் அவள் பச்சிலையில் ஒரு புள்ளி கூட்டுவேன். இப்படி ஒன்பது வருடம். ஆபீஸில் எனக்குப் பெயரே தராசு. என்ன வேலை என்று பக்கத்து வீட்டில் கேட்டால் அம்மா, "பெரியவ பாத்திரம் தேய்க்கிறா" என்று சொல்லிவிட்டுத் தானே சிரிப்பாள்.

ஐந்தாவது பாத்திரம் ஒன்று வெகுநாளாக வராமலே இருந்தது. பொறியன். மந்திரம் தெரியாது, வாள் பிடிக்கத் தெரியாது, திருகாணியும் சுருள்வில்லும் நீராவியும் வைத்துச் சமாளிக்கிற கண்டுபிடிப்பாளன். அவனோடு நான்கு வருடம் முட்டி மோதினேன். நீராவிக் கையுறை செய்தேன், குடைக் கேடயம் செய்தேன், தானாக நடக்கிற ஏணி செய்தேன். எண்கள் எல்லாம் கச்சிதம். மூன்று தடவை முதலாளியம்மா முன்னால் கொண்டுபோய் வைத்தேன். மூன்று தடவையும் அவர் பொறுமையாக ஆடிப் பார்த்துவிட்டு ஒரே பதிலைத்தான் சொன்னார்.

"சமமா இருக்கு. சந்தோஷமா இல்லையே."

பொறியன் தேறினால், செய்தவர் பெயரைப் பெட்டி மூடியிலேயே போடுவதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். இதுவரை என் பெயர் விதிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், அட்டை சப்ளை செய்தவருக்கும் கீழே, எறும்பு சைஸில் இருந்தது. மூடியில் வர வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. வெளியே சொன்னதில்லை, ஆனால் கடைகளில் மற்ற கம்பெனிப் பெட்டிகளை எடுத்து மூடியைத் தடவிப் பார்த்துவிட்டு வைப்பேன்.

இந்த நேரத்தில்தான் என் தங்கை வந்து சேர்ந்தாள். என்னைவிட ஆறு வயது சின்னவள். வீட்டில் அவள் பெயர் வாலு, பிறகு ஆபீஸிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. வேலையில்லாமல் இருந்தவளை நான்தான் முதலாளியம்மாவிடம் சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்தேன். ஊசி இடம் கொடுக்காமல் நூல் நுழையாது என்பார்களே, நான்தான் அந்த ஊசி. பிறகு குத்துகிறது என்று யாரிடம் போய்ச் சொல்வது?

அவள் சேர்ந்த எட்டாவது மாதம், டீ இடைவேளையில், காலியான புட்டியின் மூடியை 'டப் டப்' என்று திறந்து மூடிக்கொண்டிருந்தாள். "அக்கா, பொறியன்கிட்ட ஒரு பித்தளைத் தவளை இருந்தா எப்படி இருக்கும்?" என்றாள். தவளை தாவும். நாக்கை நீட்டி எதிராளி கையிலிருந்து ஒரு சீட்டை, எது என்று தெரியாமலே, விழுங்கும். பிறகு பொறியன் தன் வாய்ப்பு ஒன்றைச் செலவழித்து அதைத் துப்பச் சொல்லலாம். நல்ல சீட்டாக இருந்தால் அவனே பயன்படுத்திக்கொள்ளலாம். எதிராளி முன்கூட்டியே வெடிச்சீட்டு ஒன்றைக் கையில் ஒளித்து வைத்திருந்தால், தவளை வாய்க்குள்ளேயே 'டமார்'.

அவ்வளவுதான். நான்கு வருடம் நான் தேடியது ஒரு புட்டி மூடிக்குள் இருந்திருக்கிறது.

முதலாளியம்மா ஆடிப் பார்த்தார். தவளை வெடித்தபோது அவர் சிரித்த சிரிப்பில் டீ புடவையெல்லாம் கொட்டிவிட்டது. மூலையில் தன் பாட்டுக்கு வரைந்துகொண்டிருக்கும் ஓவியர், வருடத்துக்குப் பத்து வார்த்தை பேசுகிற மனிதர், எழுந்து வந்து, "நான் ஒரு ஆட்டம் ஆடட்டுமா?" என்று கேட்டார். என் எண்களைப் பார்த்து இந்த ஒன்பது வருடத்தில் ஒருத்தரும் சிரித்ததில்லை. ஒருத்தரும் எழுந்து வந்ததில்லை.

"தராசு, இதை நீதான் சமன் பண்ணிக் குடுக்கணும்" என்றார் முதலாளியம்மா, புடவையைத் துடைத்தபடி. "வெள்ளிக்கிழமை சோதனை. இருபது ஆட்டம். பொறியன் ஒம்பதுக்குக் குறையாம, பதினொண்ணைத் தாண்டாம ஜெயிக்கணும். தேறிட்டா மூடியில வாலு பேரு."

அன்று மாலை சாப்பிட உட்கார்ந்தபோது தங்கை அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "பெரியவளுக்குப் பொறுப்பு, சின்னவளுக்கு மூளைன்னு அப்பவே சொன்னேன்ல?" என்று, எனக்குப் பரிமாறிக்கொண்டே சொன்னாள். கை என் தட்டில், கண் அவள்மேல்.

"அப்படியெல்லாம் இல்லம்மா. அக்கா எண்ணு போட்டுக் குடுக்கலன்னா தவளை ஒண்ணுத்துக்கும் ஆகாது" என்றாள் தங்கை.

பாருங்கள், திமிராகப் பேசியிருந்தாலாவது எனக்கு வசதியாக இருந்திருக்கும். நல்லவளாகவும் இருந்து தொலைக்கிறாளே! மூளையும் அவளுக்கு, நல்ல மனசும் அவளுக்கு என்றால் மிச்சம் எனக்கு என்ன? பொறுமை பொறாமையாவதற்கு எழுத்தில் ஒரே ஒரு கால் போதும். அந்தக் காலை அன்று சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாலேயே எடுத்து வைத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை தவளைக்கான சீட்டை எழுதி என் மேஜைக்குக் கொண்டுவந்தாள். அழகான கையெழுத்து.

"தன் முறை வரும்போது ஒரு முறை தவளையை ஏவலாம்."

படித்தவுடனே எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் தொழிலில் 'முறை' என்பது பொல்லாத வார்த்தை. ஆடுகிறவரின் வாய்ப்பு வந்தாலும் முறை, ஒரு தடவை என்றாலும் முறை. அதனால்தான் ஆடும் வாய்ப்புக்கு மட்டும் 'முறை', எண்ணிக்கைக்கு எப்போதும் 'தடவை' என்று நானே ஒரு சட்டம் வைத்து, தாளில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருந்தேன். கதவு எப்போதும் திறந்தே கிடக்கும், ஆகையால் தாள் சுவரோடு சுவராக மறைந்திருக்கும். தங்கை அதைப் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை.

ஒருவர் இந்தச் சீட்டை, 'என் முறை வரும் ஒவ்வொரு தடவையும் தவளையை ஏவலாம்' என்று படிப்பார். அப்படி ஆடினால் எதிராளி கையில் சீட்டே தங்காது, பொறியன் கண்ணை மூடிக்கொண்டு ஜெயிப்பான். இன்னொருவர், 'ஆட்டம் முழுக்க ஒரே ஒரு தடவைதான்' என்று படிப்பார். அப்படி ஆடினால் பொறியன் அம்போ. இரண்டுக்கும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எப்படிப் படித்தாலும் குப்புற விழும். திருத்துவதற்கு ஒரு வரி போதும், 'ஆட்டத்துக்கு மூன்று தடவை' என்று எழுதினால் தீர்ந்தது. அதையும் கணக்குப் போட்டேன். போட்ட தாளைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். சீட்டின் மூலையில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

"எல்லாம் சரியா இருக்காக்கா?"

"ம். இருக்கு."

"ஒண்ணுமே மாத்த வேணாமா? நிஜமாவா?" அவள் முகம் மலர்ந்த மலர்ச்சியைப் பார்க்க வேண்டுமே.

மனசாட்சி குத்தவில்லையா என்று கேட்பீர்கள். இல்லை. பசித்தது. போய்ச் சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை. தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று இருபது பேரைக் கூப்பிட்டிருந்தோம். முன் அறையில் பத்துப் பேர், பின் அறையில் பத்துப் பேர், அறைக்குப் பத்து ஆட்டம். சோதனைக்கு என்று சில கட்டுப்பாடுகள் உண்டு. பாத்திரத்தைச் செய்தவர் அறையில் இருக்கக் கூடாது, முகமே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் தங்கையைக் கீழே டீக்கடைக்கு அனுப்பியாயிற்று. ஆபீஸ் ஆள் யாரும் விளக்கம் சொல்லக் கூடாது. விற்ற பெட்டிக்குள் நாம் போய் உட்கார்ந்து பேச முடியாதே, சீட்டுதான் பேச வேண்டும். எனக்கு இதைவிட என்ன வேண்டும்? வாயை மூடிக்கொண்டிருப்பதே என் கடமை ஆகிவிட்டது.

நடு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். முன் அறையில் ஒரு பஸ் டிரைவர் சீட்டை உரக்கப் படித்தார். "ஒரு முறை. அப்படின்னா மொத்தமே ஒரு தடவைதான். விட்டா போச்சு" என்றார். பஸ்ஸையே ஓட்டுகிறவர், சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பது போல் மற்ற ஒன்பது பேரும் தலையாட்டினார்கள். பின் அறையில் ஒரு பல் டாக்டர். "நம்ம முறை வர்றப்பல்லாம் ஒரு தடவை. தெளிவாத்தானே எழுதியிருக்கு" என்றார். அங்கேயும் ஒன்பது தலைகள் ஆடின.

முன் அறையில் பொறியன் செத்துச் செத்து விழுந்தான். ஒரே தவளையை எப்போது விடுவது என்று தெரியாமல் கடைசிவரை வைத்திருந்து, விடாமலே தோற்றார்கள். பின் அறையில் தவளை தாவிக்கொண்டே இருந்தது. எதிராளிகள் வெறும் கையை வைத்துக்கொண்டு கொட்டாவி விட்டார்கள். இந்தப் பக்கம் பார்த்தால் நாசம், அந்தப் பக்கம் பார்த்தால் சர்வநாசம். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. கொஞ்சம் கால்கூட ஆட்டினேன்.

ஆட்டம் முடிந்ததும் முடிவுச் சீட்டுகளை எல்லாம் ஒரே டப்பாவில் போட்டார்கள். தங்கை மேலே வந்துவிட்டாள், விரல்நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். முதலாளியம்மா ஒவ்வொன்றாகப் பிரித்து இரண்டு பக்கமாக வைத்து எண்ணினார். எண்ணி முடித்தவர் மறுபடி ஒரு தடவை எண்ணினார்.

"பத்து!" என்று கத்தினார். "இருபதுக்குப் பத்து! நூல் பிடிச்ச மாதிரி!"

அப்போதுதான் விரல்விட்டுக் கூட்டினேன். முன் அறையில் பத்துக்கு ஒன்று, பின் அறையில் பத்துக்கு ஒன்பது. ஒன்றும் ஒன்பதும் பத்து. சின்னக் குழந்தைகூடக் கூட்டிவிடும். ஒன்பது வருடமாகக் கூட்டிக் கழித்தே சாப்பிடுகிறவள் நான், அதை மட்டும் கூட்டிப் பார்க்கவில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நானாகவே எண்ணெயை ஊற்றிச் சறுக்கியிருக்கிறேன்.

எல்லோரும் கை தட்டினார்கள். தங்கை ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "அக்கா! அக்கா!" என்பதைத் தவிர அவளுக்கு வேறு வார்த்தை வரவில்லை.

நான் சும்மா இருந்தால் போதும். இந்தச் சீட்டு இப்படியே அச்சாகும், ஆயிரக்கணக்கான பெட்டிகளில் போகும். வீட்டுக்கு வீடு சண்டை வரும். ஒருத்தர் தவளையைத் திருட்டுத் தவளை என்பார், ஒருத்தர் தண்டத் தவளை என்பார், எந்த முட்டாள் இதை எழுதியது என்று மூடியைத் திருப்பிப் பார்ப்பார்கள். அங்கே கொட்டை எழுத்தில் என் தங்கை பெயர் இருக்கும். என் பெயர் வழக்கம்போல் கடைசிப் பக்கத்தில், யார் கண்ணிலும் படாமல். பழம் நழுவிப் பாலில் விழுந்துவிட்டது. அந்த நினைப்பு இனித்தது. இல்லை என்று சொன்னால் என் வாய் அழுகிவிடும்.

அப்போதுதான் முதலாளியம்மா என் தோளில் தட்டினார். "தராசு, ஒம்பது வருஷத்துல நீ பண்ணின வேலையிலேயே இதுதான் உசத்தி. இதுக்கு மேல ஒருத்தி சமன் பண்ண முடியாது" என்றார்.

நான் உண்மையாக உழைத்த எதையும் அவர் இப்படிச் சொன்னதில்லை. வேடனின் அம்பை முப்பத்தேழு தடவை மாற்றினேன், ஒரு 'நல்லாருக்கு'கூடக் கிடையாது. வேண்டுமென்றே கெட்டுப்போக விட்ட ஒன்றுக்கு இந்தப் பாராட்டா? தங்கைக்காக இல்லை, நியாயத்துக்காகவும் இல்லை, அந்தப் பத்து என் கணக்கு என்று ஆகிவிடுவதை என்னால் தாங்க முடியவில்லை.

"தப்பு மேடம். இது பத்து இல்ல."

"என்னது?"

"முடிவு எழுத முன் ரூம்ல பென்சில் குடுத்தோம், பின் ரூம்ல பேனா. பிரிச்சுப் பாருங்க."

அவர் பிரித்தார். பென்சில் சீட்டில் ஒரு வெற்றி. பேனாச் சீட்டில் ஒன்பது. கை தட்டிய கைகளெல்லாம் கீழே இறங்கின. யாரோ கேட்க, பஸ் டிரைவர் தான் படித்த விதத்தைச் சொன்னார். பல் டாக்டர், "அதெப்படிங்க? முறைன்னா நம்ம முறை வர்றப்பல்லாம்னு அர்த்தம்" என்றார். "பின்ன எதுக்கு ரெண்டு முறை எழுதியிருக்கு?" என்று டிரைவர் திருப்பிக் கேட்டார். இரண்டு பேரும் சீட்டைப் பிடித்து இழுத்ததில் முனை கிழிந்தது.

முதலாளியம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "தராசு, இது தங்கச்சிமேல பொறாமையில பேசுறது இல்லையே?"

"பொறாமைதான் மேடம். ஆனா கணக்கும் உண்மை."

தங்கை கிழிந்த சீட்டை வாங்கிப் படித்தாள். இரண்டு தடவை படித்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"இதை நீ எப்பக்கா பாத்த?"

இப்போதுதான் பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பாள். நான் எதைச் சொன்னாலும் நம்புகிறவள்தான்.

"செவ்வாய்க்கிழம."

"சரின்னு எழுதினியே."

"எழுதினேன்."

அழுதிருந்தால் அதட்டியிருப்பேன். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன், எனக்கா வாய் இல்லை? அவள் இரண்டும் செய்யவில்லை. ஒரு நாற்காலியை இழுத்து, பேனாவை எடுத்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டாள். முதலாளியம்மா வந்தவர்களுக்கு டீ சொல்லி அனுப்பினார். இன்னொரு சுற்று ஆடிப் பார்க்க முடியுமா என்று அவர்களிடம் தணிந்த குரலில் கேட்டுக்கொண்டிருந்தார்.

கால் மணி நேரம் போயிருக்கும். நான் என் மேஜையில் இருந்தபடியே எட்டிப் பார்த்தேன். பழைய வரியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதியிருந்தாள்: "விழுங்கியதைத் துப்பாமல் தவளை மறுபடி தாவாது."

முறையும் இல்லை, தடவையும் இல்லை. எண்ணே இல்லை. எப்போது துப்புவது என்று பொறியன் தவிக்க வேண்டும், அவன் தவிப்பதைப் பார்த்து எதிராளி வெடிச்சீட்டைத் தயார் செய்ய வேண்டும். மனதுக்குள்ளேயே நான்கு ஆட்டம் ஓட்டிப் பார்த்தேன். தராசு முள் நடுவில் நின்றது. நான் கணக்குப் போட்டுக் கிழித்துப் போட்ட மூன்று தடவையைவிட இது நூறு மடங்கு மேல். படுபாவி, கோபத்தில் இருக்கும்போதுகூட இவளுக்கு மூளை ஓடுகிறது!

சீட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். என் பக்கம்தான் வந்தாள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மேஜைமேல் இருந்ததை எல்லாம் ஒதுக்கி இடம் செய்து, பென்சிலைக் கையில் எடுத்தேன். அவள் என் மேஜையைத் தாண்டி மூலைக்குப் போனாள்.

"சார், இதை ஒரு தடவை படிச்சுப் பாக்குறீங்களா? தப்பு இருந்தா சொல்லுங்க."

ஓவியர் பதறிப்போனார். "எனக்கு இதெல்லாம் என்னம்மா தெரியும்? நான் படம் போடுறவன். அக்காகிட்ட குடும்மா."

"நீங்களே பாருங்க சார்."

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "ஏன்டி, என்கிட்ட காட்ட மாட்டியா?" என்று கேட்டுவிட்டேன். அதட்டலாகத்தான் கேட்க நினைத்தேன், குரல் அப்படி வரவில்லை.

அவள் திரும்பினாள். முகத்தில் கோபமே இல்லை. "நீ சரின்னுதானேக்கா சொல்லுவ" என்றாள்.

ஓவியர் தூரிகையைக் கீழே வைத்தார், கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார், சீட்டை இரண்டு கையாலும் வாங்கி, உதடு அசைய எழுத்தெழுத்தாகப் படிக்க ஆரம்பித்தார். தங்கை அவர் பக்கத்தில் குனிந்து, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த மனிதர்மேல் எனக்கு வந்த பொறாமை அவள்மேல்கூட ஒருநாளும் வந்ததில்லை.